மச்சானை ஏற்றினால் மைலேஜ் எவ்வளவு?

கார் விளம்பரத்தில் வருகிற குடும்பத்தைக் கவனித்திருக்கிறீர்களா பிள்ளைகளே? அப்பாவுக்குத் தொப்பை இருக்காது. அம்மா மடியில் தூக்குவாளி இருக்காது. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள், அதுவும் சண்டை போடாமல். ரோட்டில் ஒரு மாடு கிடையாது, நெல் லாரி கிடையாது. அப்படிப்பட்ட குடும்பம் அப்படிப்பட்ட ரோட்டில் போனால் லிட்டருக்கு இருபத்து நான்கு கிலோமீட்டர் கிடைக்குமாம். இதைக் கம்பெனிக்காரர்கள் கீழே பொடி எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இருபத்து நான்கு என்ற பெரிய எழுத்து மட்டும்தான் கண்ணில் பட்டது. (பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். பொடி எழுத்தெல்லாம் பதினொண்ணாவதுல சொல்லித் தருவாங்க போல.)

நான் ஆரணியில் பட்டு நெய்கிறவன். எங்கள் தொழிலில் முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். புடவையை எடை போட்டு வாங்கிக்கொள்வார். இத்தனை கிராம் பட்டுக்கு இவ்வளவு புடவை, அதற்கு இவ்வளவு கழிவு என்று கணக்கு எங்கள் ரத்தத்திலேயே ஓடும். பச்சைப் பட்டைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் பசை கரைந்து கால்வாசி எடை காணாமல் போய்விடும் என்பதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கண்ணெதிரே இருக்கிற பட்டே கொதித்தால் கால்வாசி குறைகிறது. பேப்பரில் இருக்கிற மைலேஜ் மட்டும் குறையாது என்று நம்பினேன் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன்.

என் மகள் யாழினி மூன்றாம் வகுப்பு படித்தபோது நாங்கள் ஒரு பழைய கார் வாங்கினோம். வாங்கிய மூன்றாம் வாரமே அதற்கு ஒரு முக்கியமான வேலை வந்தது. யாழினியின் அம்மா மஞ்சுளா அரசு வேலைக்குத் தேர்வு எழுதச் செய்யாறு போக வேண்டும். முந்தைய தடவை ஒரே ஒரு மார்க்கில் வேலை கைநழுவியது. அதற்குப் பிறகு அவள் தோசை ஊற்றும்போதும் படித்தாள், தறியில் எனக்கு இழை முடிந்து கொடுக்கும்போதும் படித்தாள். இந்தத் தடவையும் போய்விட்டால் அடுத்த தேர்வு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்பது மணிக்கு மேல் யார் வந்தாலும் கேட்டைத் திறக்க மாட்டார்கள்.

"நான் பஸ்லயே போயிடறேங்க" என்றாள் மஞ்சுளா.

"வூட்டாண்ட கார நிறுத்தி வெச்சிகினு பஸ்ஸுல போவியா? தெருவுல நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?"

"நாலு பேரு பரீட்சை எழுதப் போறதில்லயே, நான்தானே எழுதப் போறேன்."

அவள் பேச்சில் நியாயம் இருந்தது. அதனால் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அவளைக் கொண்டுபோய் விடுவது மட்டும் என் நோக்கமல்ல. அந்தப் பயணத்திலேயே இருபத்து நான்கை எடுத்துக் காட்டிவிட வேண்டும். அதற்காக ஒரு வாரம் வீடியோ பார்த்தேன். வண்டியில் எடை குறைந்தால் மைலேஜ் கூடும் என்றார் ஒருவர். உடனே ஸ்டெப்னி டயரைக் கழற்றித் தறிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும் என்றார் இன்னொருவர். ஏசி இல்லை. ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கும் என்றார் மூன்றாமவர். ஜன்னலும் இல்லை. (மூணு பேரும் சேர்ந்து ஒரே கார்ல போய்ப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.)

அப்புறம் பெட்ரோல். ஏற்கெனவே முள் அடியில் கிடந்தது. நல்லதாகப் போயிற்று, கணக்கு சுத்தமாக வரும் என்று மகிழ்ந்தேன். போக வர எத்தனை கிலோமீட்டர், அதை இருபத்து நான்கால் வகுத்தால் எத்தனை லிட்டர், அதற்குமேல் கழிவுக்குக் கொஞ்சம். தறிக்குப் பாவு கணக்குப் போடுகிற மாதிரியே போட்டேன். பங்க்கில் பெட்ரோல் போட்டவர் நான் சொன்ன அளவைக் கேட்டுவிட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தார். "காருக்கா சார்? பைக்கு எங்க நிக்குது?" என்றார்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். மச்சான் என்றால் மஞ்சுளாவின் அண்ணன், ரைஸ் மில்லில் மேஸ்திரி. மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. இப்போது மூட்டை தூக்குவதை நிறுத்திவிட்டார், உடம்பு நிறுத்தவில்லை. காலடியில் ஒரு பொன்னி அரிசி மூட்டை.

"செய்யாறுதானே போறீங்க மாப்ள? என் பொண்ணு வூட்ல இத எறக்கிட்டு வந்துடலாம்" என்று அவரே டிக்கியைத் திறந்து வைத்தார். மஞ்சுளாவும் யாழினியும் பின்னால் ஏறினார்கள். மச்சான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் கார் இடது பக்கம் ஒரு மரியாதை செய்தது. கழற்றி வைத்த ஸ்டெப்னியை நினைத்துப் பார்த்தேன். அழுகை வந்தது.

ஊரைத் தாண்டியதும் நாற்பதுக்கு மேல் போகவில்லை. என் கண் ரோட்டில் இல்லை, காரில் மைலேஜ் காட்டுகிற குட்டித் திரையில் இருந்தது. சரிவில் காலை எடுத்தால் தொண்ணூற்றொன்பது என்று காட்டும். நான் சிரிப்பேன். மேட்டில் மிதித்தால் ஏழு என்று காட்டும். என் முகம் தொங்கிவிடும்.

"மாப்ள, நம்மள ஒரு டவுன் பஸ்ஸு தாண்டிப் போவுது" என்றார் மச்சான்.

"போவட்டும் மச்சான். நமக்கு மைலேஜ் முக்கியம்."

அந்த டவுன் பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிற்கும். நாங்கள் அதைத் தாண்டுவோம். பிறகு அது எங்களைத் தாண்டும். மூன்றாவது தடவை கண்டக்டர் படிக்கட்டில் நின்றுகொண்டு எங்களுக்குக் கை காட்டினார். யாழினியும் சந்தோஷமாகக் கை காட்டினாள்.

உள்ளே புழுக்கம் இட்லிப் பானை மாதிரி. மஞ்சுளா மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அவள் நெற்றியிலிருந்து சொட்டிய வியர்வை ஏதோ ஒரு நதியின் பெயரை அழித்துவிட்டது.

"கொஞ்சம் கண்ணாடிய எறக்குங்க. மயக்கமா வருது."

"இன்னும் கொஞ்ச தூரந்தான் மஞ்சு. காத்து வண்டிய இழுக்கும்."

"என் உசுர இழுக்குதுங்க."

வழியில் ஒரு ரைஸ் மில் வாசலில் நெல் லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பியது, திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. "இன்ஜின ஆஃப் பண்ணு மாப்ள" என்றார் மச்சான். அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்தால்தான் பெட்ரோல் அதிகம் செலவாகும் என்று நாலாவது வீடியோவில் ஒருவர் சொல்லியிருந்தார். அணைக்கவில்லை. நின்ற இடத்திலேயே கார் என் கணக்கைக் குடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, அங்க ஆரஞ்சு கலர்ல ஒரு லைட்டு எரிஞ்சிகினே இருக்கு. அது இன்னா?" என்றாள் யாழினி.

"அது சும்மா. நேத்துலேருந்தே எரியுது."

"எதுக்கு எரியுது?"

"அழகுக்கு."

மஞ்சுளா புத்தகத்தை மூடினாள். முன்னால் எட்டிப் பார்த்தாள். "நேத்துலேருந்தா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவள் கேட்ட விதத்தில் ஏசி போட்ட மாதிரி எனக்கு முதுகு சில்லிட்டது.

அடுத்த ஊர் வருவதற்குள் கார் ஒரு இருமல் இருமியது. இன்னொரு இருமல். பிறகு ஒரு புளியமரத்தடியில், நிழல் பார்த்து, நின்றுவிட்டது. மணி எட்டரை. செய்யாறு இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை.

மச்சான் இறங்கித் தள்ளிப் பார்த்தார். பெட்ரோல் இல்லாத காரைத் தள்ளினால் தள்ளுகிற வரைக்கும்தான் போகும் என்பது எங்கள் இருவருக்குமே கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. மஞ்சுளா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஹால் டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "இருபத்து நாலுன்னு எழுதியிருந்தான் மஞ்சு." அந்த நேரத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடிய சொற்களிலேயே மட்டமானது அதுதான்.

அப்போதுதான் ஹாரன் கேட்டது. அதே டவுன் பஸ்.

நான் ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், வெளாட்டு முடிஞ்சிதா? நாலாவது தபாவும் தாண்டுவீங்கன்னு பார்த்தேன்."

"அண்ணே, பரீட்சைண்ணே! ஒம்போது மணிக்கு கேட்ட மூடிடுவாங்க!" என்று மஞ்சுளா ஓடினாள்.

"ஏறும்மா, ஜல்தி!" என்றவர் உள்ளே திரும்பிக் கத்தினார்: "டிரைவரண்ணே, பரீட்சை கேசு! எறங்கறவங்க இருந்தா மட்டும் நிறுத்து!" விசில் அடித்தார். கூட்டத்தில் யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். பஸ் போய்விட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுடைய செல்போன் என் சட்டைப் பையில் இருந்தது. தேர்வு அறைக்குள் அதைக் கொண்டுபோக முடியாதே. போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்று கேட்க வழியே இல்லை.

பக்கத்து வயலில் ஒருவர் மருந்தடிக்கிற மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார். அது பெட்ரோலில் ஓடுகிறது. எங்கள் கதையைக் கேட்டுவிட்டுத் தன் கேனில் இருந்ததைக் காரில் ஊற்றினார். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். "ஆயில் கலந்தது சார், கொஞ்சம் பொகையும்" என்றார். கொஞ்சமா! செய்யாறு கடைத்தெருவில் நாங்கள் நுழைந்தபோது கொசு மருந்து வண்டி என்று நினைத்து ஒரு கடைக்காரர் வடைத் தட்டை மூடினார்.

பள்ளிக்கூட கேட் மூடியிருந்தது. வெளியே தாமதமாக வந்த நாலைந்து பேர் போலீஸ்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் சுவரோரமாகக் குந்தி முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பச்சைப் புடவை. மஞ்சுளாவும் பச்சைதான் கட்டியிருந்தாள். பக்கத்தில் போகவும் முடியவில்லை, போகாமலும் இருக்க முடியவில்லை. யாழினிதான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அம்மா இல்லப்பா. வேற அக்கா."

அந்த அக்காவுக்காக வருத்தப்பட வேண்டும் என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது. அப்போது கும்பிட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனால் முழு நிம்மதி இல்லை. பஸ்ஸே வந்து சேராமல் இருந்தால்? பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன், பின்னாலேயே மச்சானும் யாழினியும். கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க வூட்டம்மாவா? ஸ்கூல் கேட்டாண்டயே எறக்கி வுட்டேன். போலீஸ்காரு சாத்திகினே இருந்தாரு, சந்துல பூந்துட்டாங்க. நல்லா ஓடறாங்க சார் அந்தம்மா."

எட்டரை மணியிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. "டிக்கெட் எவ்ளோண்ணே? அவ கையில காசே எடுத்துகினு போவல" என்றேன்.

"லேடீஸுக்கு டவுன் பஸ் ஃப்ரீ சார்" என்று சிரித்தார். "பெட்ரோல் செலவே இல்ல. இதுக்கு மேல இன்னா மைலேஜ் வோணும்?"

மச்சானும் சிரித்தார். நான் டீ சொன்னேன், மூன்று பேருக்கும்.

அரிசி மூட்டையை மச்சான் மகள் வீட்டில் இறக்கினோம், டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டோம். மதியம் மஞ்சுளா வெளியே வந்தாள். நான் நிழலாகப் பார்த்து நின்றேன். காரில் ஏறினாள். நானாகவே நாலு ஜன்னலையும் இறக்கினேன், ஏசியையும் போட்டேன். (ரெண்டையும் ஒண்ணா போடக் கூடாதாம். அன்னிக்கு யாரு கேட்டாங்க?) பாதி தூரத்தில் திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு கணக்கு வந்துதுங்க. ஒரு கார் ஒரு லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடும்னா, நாலு லிட்டருக்கு எவ்ளோ தூரம் ஓடும்?"

"எண்பது!" என்று கத்தினேன்.

"இன்னும் உங்களுக்கு புத்தி வரலயே."

"அப்ப நீ இன்னாதான் போட்ட?"

விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம் உண்டாம். நாலு வட்டம் விடைகளுக்கு. ஐந்தாவது, 'விடை தெரியவில்லை' என்பதற்கு. "என் கை நேரா அஞ்சாவது வட்டத்துக்குப் போயிடுச்சுங்க. அப்புறம், இந்தக் கார வேற யாரோ ஓட்டறாங்க, எங்க அண்ணன் ஏறலன்னு நெனச்சிகினு எண்பதுக்கு மாத்தினேன்."

மச்சான் சிரித்ததில் கார் குலுங்கியது.

அவள் தேறிவிட்டாள். இப்போது வெம்பாக்கத்தில் தாலுகா ஆபீசில் வேலை. அவளுக்கு வேலை கிடைத்ததை நினைத்து எனக்கு வந்த சந்தோஷத்தைவிட, என்னால் அது கெட்டுப்போகவில்லையே என்ற நிம்மதிதான் இன்றைக்கும் பெரிசு. தினமும் பஸ்ஸில்தான் போகிறாள். கொண்டுபோய் விடட்டுமா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஆனால் யாழினி விடவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது காரைத் தட்டிப் பார்த்து, "எவ்ளோ குடுக்குது?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிடுவாள். ஐந்தாவது வட்டமாம். எங்கள் வீட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கதை தெரியாது. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஊர் முழுக்க இந்தச் செய்தி பரவிவிட்டது.

நான் மறுப்பதில்லை. எங்கள் தெருவில் கார் வைத்திருக்கிற எல்லோரிடமும் முகூர்த்த நாளுக்கு இரவல் கேட்டு ஆள் வருகிறது. என்னிடம் இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை.