ஏங்க என்றால் நாலு பேர்

போட்டி விளையாட்டுகளில் எந்த வகை ரொம்பக் கஷ்டம் என்று ஆண்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. (கேட்டிருந்தால் சண்டை அன்றைக்கே முடிந்திருக்கும்.) மொபைலில் இருக்கிற அத்தனை வகையிலும் தோற்றவள் நான். வகைக்கு ஒரு அவமானம் கைவசம் இருக்கிறது. அதில் பெரிய அவமானத்தை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், சொல்லிவிடுவார், அவர் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

கல்யாணமான மூன்றாம் மாதமே என் வீட்டுக்காரர் துபாய்க்குப் போய்விட்டார். (பேர் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் அந்தப் பழக்கம் கிடையாது.) நான் விளாத்திகுளத்தில் மாமியார் வீட்டில் இருந்தபடி, கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். தினமும் போனில் பேசுவோம்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ஆச்சு. அங்கன வெயிலா?"

"ஆமா. அங்க?"

"இங்கயும்தான்."

அதற்கு மேல் ஓடாது. பேச ஒன்றும் இல்லாமலில்லை. எவ்வளவோ இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை, அவ்வளவுதான். போனை வைத்ததும் அவர் ரூம் நண்பர்களோடு விளையாட உட்கார்ந்துவிடுவார். சரி, அங்கேயாவது போய் அவர் பக்கத்தில் இருப்போம் என்று நானும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

முதலில் ராஜ்ஜியம் கட்டுகிற வகை. மூளைக்கு வேலை, இதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்பார்கள். எங்கள் அப்பா பசுவந்தனைப் பக்கம் மானாவாரி விவசாயி. மழை விழும்வரை விதையில் கைவைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் களஞ்சியமாகக் கட்டித் தள்ளினேன். படை திரட்டச் செலவழிக்க மனசே வரவில்லை. எதிரி வந்தபோது ஊர் நிறையத் தானியம் இருந்தது, வாசலில் ஒரே ஒரு காவல்காரன் இருந்தான். அவனும் புதுசு. அந்தச் சோகத்தில் கோவில்பட்டியில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய், வெயிலில் ஆபீஸுக்குத் திரும்பி நடந்தேன்.

அடுத்தது ஒருத்தருக்கு ஒருத்தர் அடித்துக்கொள்கிற வகை. எந்த விரல் எந்தப் பொத்தானை எந்த நொடியில் அழுத்த வேண்டும் என்று அதில் ஒரு கணக்கு உண்டு. என் விரல் கிளம்புவதற்குள் என் ஆள் மல்லாந்து கிடப்பான். துப்பாக்கி வகை அதைவிட மோசம். ஓடிக்கொண்டே திரும்பித் திரும்பிச் சுட வேண்டும். எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது. புருஷன் வெளிநாட்டில் இருக்கும்போது தலை சுத்துது, வாந்தி வருது என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்ள முடியுமா? சத்தம் காட்டாமல் அதையும் விட்டேன்.

கடைசியில் ஒட்டிக்கொண்டது ஐந்து பேர் அணி விளையாட்டு. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். அணிக்கு ஒரு கோட்டை. நம் கோட்டையையும் காக்க வேண்டும், அவர்கள் கோட்டையையும் இடிக்க வேண்டும். காதில் ஹெட்போன் மாட்டிப் பேசிக்கொண்டே ஆடலாம். அவருடைய அணியில் நாலு பேருமே நம்ம பக்கத்து ஆட்கள்தான். கோவில்பட்டி பஜாரில் குடும்பத்தோடு பாத்திரக்கடை வைத்திருந்த காசிம் அண்ணன், ஒரு குளத்தூர்க்காரர், ஒரு எட்டயபுரத்துக்காரர், அப்புறம் இவர். நாலு பேருக்கும் பெண்டாட்டி ஊரில். ஐந்தாவது ஆளுக்கு வேலை இரவு ஷிப்டுக்கு மாறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அங்கே தமிழர்கள் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். முதல் பரிசு, அணியில் எல்லோருக்கும் ஊருக்குப் போய்வர விமான டிக்கெட். கம்பெனி டிக்கெட் கொடுக்க இன்னும் ஒரு வருடம் கிடந்தது.

"நீ சேருதியா?" என்று கேட்டார். "ஜெயிச்சா நம்ம அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அங்கன இருப்பேன்."

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பங்குனிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அவருடைய சட்டை ஒன்றைப் பீரோவிலிருந்து எடுத்துத் துவைத்து மடித்து வைத்தேன். (அழுக்கே இல்லாத சட்டை.)

எனக்குக் கொடுத்த வேலை சின்னது. ஓரத்துப் பாதையில் நின்று, எதிரி வந்தால் தகவல் சொல்ல வேண்டும். "இங்கன ரெண்டு பேரு வாராவ" என்பேன், அவ்வளவுதான். யாரையும் கூப்பிட மாட்டேன். வீட்டுக்காரரை "ஏங்க" என்று கூப்பிட்டுத்தான் பழக்கம், அதை மற்ற மூன்று ஆண்கள் காதுபடக் கூப்பிட வெட்கம். இப்படியே வாயைக் கட்டிக்கொண்டு இறுதிப் போட்டிவரை வந்துவிட்டோம்.

இறுதிப் போட்டி மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். எங்கள் வீட்டில் மொட்டைமாடியில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். மொட்டைமாடி முழுக்க மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, தும்மிக்கொண்டே உட்கார்ந்து ஆடினேன். ஆட்டம் நம் பக்கம் இருந்தது. எதிரிக் கோட்டையில் பாதி விழுந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம்தான், நீங்க இடிங்க, நம்ம கோட்ட வாசல விட்டு நான் நகர மாட்டேன்" என்றார் காசிம் அண்ணன்.

அப்போது ஒரு சொட்டு என் கையில் விழுந்தது. மாசியில் மழை. கார்த்திகையில் வா வா என்று கூப்பிட்டால் வராத மழை.

"ஏட்டி மாரீஸ்வரி, தூத்தல் போடுது, வத்தல அள்ளு" என்று கீழேயிருந்து அத்தை.

"இந்தா அள்ளுதேன் அத்தை."

நனைந்த வத்தலை எந்த வியாபாரியும் வாங்க மாட்டான். அதுவும் தெரியும். பங்குனியும் தெரியும். அதனால் இரண்டையும் செய்தேன். இடது கையில் போன், வலது கையால் வத்தலை வாரி வாரிச் சாக்கில் போட்டேன். முகத்தில் விழுந்த தண்ணீரை அதே கையால் துடைத்தேன்.

கண்ணில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. திரை தெரியவில்லை, சாக்கு தெரியவில்லை. என் பாதையில் எதிரிகள் ஓடிவரும் சத்தம் மட்டும் காதில் கேட்டது. வெட்கமெல்லாம் எங்கே போனதோ.

"ஏங்க, இங்கன வாங்களேன். எனக்குக் கண்ணு தெரியல."

நாலு பேரும் வந்தார்கள்.

வாசலில் நின்ற காசிம் அண்ணன் வந்தார். எதிரிக் கோட்டையை இடித்துக்கொண்டிருந்த குளத்தூர்க்காரர் அதை அப்படியே போட்டுவிட்டு வந்தார். எட்டயபுரத்துக்காரர் வந்தார். என் வீட்டுக்காரர் கடைசியாக வந்தார். நாலு பேரும் என்னைச் சுற்றி நின்று என்னைக் காப்பாற்றினார்கள். அந்தப் பக்கம் எதிரியில் ஒருத்தன் ஆளில்லாத எங்கள் கோட்டைக்குள் நடந்துபோய் அதை நிதானமாக இடித்து முடித்தான்.

நான் கண்ணை மூடியபடி நின்றேன். எரிச்சலில் வந்த தண்ணீர் எது, மற்றது எது என்று எனக்கே தெரியவில்லை.

"அண்ணாச்சி, நீங்க ஏன் வாசல விட்டு வந்திய?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"தெரியலப்பா" என்றார் காசிம் அண்ணன். "ஏங்கன்னு சத்தம் கேட்டதும் கை தானா திருப்பிருச்சு. கேட்டு எம்புட்டு நாளாச்சு." கொஞ்சம் கழித்து, "தங்கச்சி, நீ அழாத. உம்மேல தப்பில்ல" என்றார். மற்ற இரண்டு பேரில் ஒருத்தர் மூக்கை உறிஞ்சியது கேட்டது. அங்கே வத்தல் கிடையாது.

மறுநாள் போனில் அவர், "பேரச் சொல்லிக் கூப்ட்டுருக்கலாம்லா?" என்றார்.

"கீழ உங்க அம்மா நிக்காவ. எப்படிச் சொல்லுவேன்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் பேசினோம். கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவ்வளவு பேசினோம். பங்குனிப் பொங்கலுக்கு அவர் வரவில்லை. மடித்து வைத்த சட்டை மடித்தபடியே இருந்தது.

அடுத்த வருடம் கம்பெனி டிக்கெட்டில் வந்தார், வந்த வேகத்தில் போனார். அணி இன்னும் இருக்கிறது, ஞாயிறுதோறும் ஆடுகிறோம். ஆட்டத்தில் "ஏங்க" சொல்லக் கூடாது என்று காசிம் அண்ணன் சட்டம் போட்டுவிட்டார். விஷயம் எப்படியோ அத்தை காதுக்குப் போய், கல்யாண வீடு, சடங்கு வீடு எல்லா இடத்திலும் பரவியாகிவிட்டது. நான் யாரையாவது ஒத்தாசைக்குத் தேடினால் போதும், "ஏங்கன்னு ஒரு சத்தம் குடு, துபாயிலருந்து நாலு பேரு ஓடியாருவாவ" என்பார் அத்தை. கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும்தான்.

போன வாரம் மொட்டைமாடியில் வத்தல் சாக்கைத் தனியாகத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. எதையும் யோசிக்காமல் வாய் தானாக, "ஏங்க, ஒரு கை பிடிங்களேன்" என்றது. சொன்ன பிறகுதான் உறைத்தது. கீழே அத்தை பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. கேலி வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

அத்தை மூட்டுவலியோடு மெதுவாகப் படியேறி வந்தார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுச் சாக்கின் அந்த முனையைப் பிடித்தார்.

"ம், தூக்கு" என்றார்.