எந்தச் சந்தியோகு?

பலகைக்குப் பச்சை அடித்துக் காயவிட்ட பிறகுதான் எந்தச் சந்தியோகு என்ற கேள்வி கிளம்பியது.

குருநகரில் அந்தக் குறுகிய தெருவுக்குச் சந்தியோகு ஒழுங்கை என்றுதான் வாய்வழக்கு. எண்பத்தாறில் சனசமூக நிலையம் அதற்கொரு பெயர்ப்பலகை நடத் தீர்மானித்தது. ஞாயிறு பூசை முடிய விழா. செயலாளர் அடைக்கலநாதன், பாவம், தூரிகையோடு குந்தியிருந்தான்.

"இதிலை என்ன யோசினை? என்ரை ஐயாதான்," என்றாள் மனைவி யசிந்தா. "அவர் கோல் காத்தால் காத்தும் உள்ளை போகாது. ஆட்டம் முடிய, சந்தியிலை பத்து அப்பம் திண்டிட்டுத்தான் வீட்டை வருவார். அவரைப் போடாட்டி நான் அம்மா வீட்டை போயிடுவன், சொல்லிப்போட்டன்."

'உதைபந்தாட்ட வீரர்' என்று எழுதினான்.

பின்னேரமே கத்தரீனா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அண்ணாவியார் சந்தியோகுவின்ரை மகள் நான் உயிரோடை இருக்கிறன்! பந்து பிடிச்சவருக்கோ ஒழுங்கை? என்ரை ஐயா கூத்திலை பாடினால் மண்டைதீவுக்குக் கேக்கும். சந்தி அப்பம் திண்டால்தான் அவருக்குத் தொண்டை திறக்கும்."

மேலே 'அண்ணாவியார்' ஏறியது.

மறுநாள் சிமியோன் வந்தான். "வெள்ளைக்காரன் காலத்திலை வள்ளம் கட்டின ஓடாவி சந்தியோகு எங்கடை பாட்டன். அப்பம் வாங்கப் போன இடத்திலைதான் அவர் பொம்பிளை பாத்தது."

அப்பம் என்றதும் அடைக்கலநாதனுக்கும் வாயூறியது. பள்ளிக்கூடம் விட்டு வர, ஓரம் முறுகி, நடுவில் தேங்காய்ப்பால் தளும்பும் அந்தப் பாலப்பம்! இப்போது அந்தச் சந்தியில் சைக்கிள் கடை. சுட்டுத் தந்தவளின் பெயரைக்கூட அவன் கேட்டதில்லை. அந்த மணம் இனி எங்கே வரப்போகிறது?

'ஓடாவி'யையும் நெருக்கித் திணித்தான். பலகை இப்போது, 'அண்ணாவியார் உதைபந்தாட்ட வீரர் ஓடாவி சந்தியோகு ஒழுங்கை' என்றது.

"இஞ்சேருங்கோ, என்ரை ஐயா எப்ப வள்ளம் கட்டினவர்?" யசிந்தா உடுப்புப் பெட்டியோடு படலைக்கு வந்துவிட்டாள். பின்னால் கத்தரீனாவும் சிமியோனும்.

அவ்வழியே வந்த தியாகராசா, ஓய்வு பெற்ற தபால்காரர், சைக்கிளை நிறுத்திப் பலகையை வாசித்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னண்ணை சிரிக்கிறியள்? என்ரை குடும்பம் பிரியப்போகுது!"

"தம்பி, முப்பது வருசம் இஞ்சை காயிதம் குடுத்தவன் நான். 'சந்தி யோகு ஒழுங்கை' எண்டு பிரிச்செல்லோ எழுதுறவை. நீங்கள் ஏன் சேர்த்துப்போட்டியள்?"

"யோகுவோ? அது ஆர்?"

"உங்கடை மூண்டு சந்தியோகுவுக்கும் சந்தியிலை அப்பம் சுட்டுக் குடுத்த மனிசி!"