வௌவால் புத்தகம்

"சார், அந்த வௌவால் புத்தகத்தைத் திருப்பிக் கேக்கறாங்க," என்றார் கல்லூரி நூலகர், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

விரிவுரையாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியூர்க் கல்லூரி நூலகத்திலிருந்து கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கிய புத்தகம். அவருடைய முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நெருங்கிவிட்டது. கேள்வியெல்லாம் அந்தப் புத்தகத்திலிருந்துதான் வரும் என்று வழிகாட்டி அடித்துச் சொல்லியிருந்தார். பட்டம் வந்தால் வேலை நிரந்தரம்; வராவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவரோ இன்னும் பாதிகூடப் படிக்கவில்லை.

"யாரு கேக்கறாங்க?"

"அங்க ஒரு வாசகராம். ரொம்ப அவசரமாம்."

வௌவாலில் அப்படி என்ன அவசரம்? யாரும் தொடாமல் பக்கங்களெல்லாம் ஒட்டிக் கிடந்த புத்தகம் அது. விரிவுரையாளருக்கு மண்டை காய்ந்தது.

"எனக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவே முடியலைன்னு சொல்லிடுங்க."

நூலகர் சொன்னார். பதிலும் உடனே வந்தது.

"பாவம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு கேக்கறாங்க. அவங்களே வீட்டுக்கு ஆள் அனுப்பறாங்களாம்."

"ஐயையோ! புத்தகம் என் தங்கச்சி வீட்டுல இருக்குன்னு சொல்லுங்க."

"தங்கச்சி விலாசம் கேக்கறாங்க சார்."

அவருக்குத் தங்கையே கிடையாது. பொய் சொல்லவும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். மனிதருக்கு அந்தப் பாடம் மட்டும் ஏறவே இல்லை. போனை வைத்துவிடும்படி நூலகருக்குச் சைகை காட்டினார்.

மறுநாள் விஷயம் முற்றியது. புத்தகம் வந்து சேரும்வரை இந்தக் கல்லூரிக்கு வேறெதுவும் இரவல் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். வேதியியல் துறைத்தலைவி வராந்தாவிலேயே அவரை மடக்கினார்.

"உங்க வௌவாலால என் ஆராய்ச்சி தொங்குது சார்!"

பயந்துபோனவர் நூலகரிடம் ஓடினார். "தொலைஞ்சு போச்சுன்னு சொல்லித் தலை முழுகிடுங்க. வேற வாங்கித் தர்றேன்."

"எங்க போய் வாங்குவீங்க? அச்சிலேயே இல்ல. இருந்தது அந்த ஒண்ணுதான்."

"பரவாயில்ல, சொல்லுங்க!"

சொல்லியாயிற்று. அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. அன்று மாலை விரிவுரையாளர் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒட்டிய பக்கங்களைப் பிரித்து நிம்மதியாகப் படிக்க ஆரம்பித்தார்.

போன் அடித்தது. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு எழுத்தர்.

"சார், உங்க வாய்மொழித் தேர்வு ரத்து. கேள்வி தயார் பண்ண ஏதோ வௌவால் புத்தகம் வேணுமாம் தேர்வாளருக்கு. அவங்க காலேஜ்ல இருந்த ஒரே பிரதியை எவனோ இரவல் வாங்கித் தொலைச்சுட்டானாம்!"