சக்களத்திப் புடலங்காய்

பக்கத்து வீட்டுக்காரியின் புடவையைப் பார்த்துப் பொறாமை வரலாம், நகையைப் பார்த்து வரலாம். அதெல்லாம் கௌரவமான பொறாமை. எனக்கு வந்தது ஒரு புடலங்காயைப் பார்த்து. கல்யாணமான மறுவருஷமே எனக்குச் சக்களத்தியாக வாய்த்தது அதுதான்.

அறுபதுகளின் நடுவில் பம்பாயில், செம்பூரில் ஒரு கீழ்த்தள வீட்டில் குடியிருந்தோம். இரண்டு அறை, பின்னால் துணி உலர்த்தக் கொஞ்சம் மண். அந்த மழைக்காலத்தில் என் கணவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. எண்ணெய் கூடாது, ஆபீஸ் கூடாது, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். இவர் மூன்றையும் கேட்டுக்கொண்டு, தன் பங்குக்குச் சாப்பாடும் கூடாது, பேச்சும் கூடாது என்று இரண்டைச் சேர்த்துக்கொண்டார்.

நான் நிஜமாகவே பயந்துபோயிருந்தேன். எங்கள் கட்டிடத்திலேயே முந்தின வருஷம் காமாலையில் ஒருவர் போயிருந்தார். கஞ்சி டம்ளரை வைத்துக்கொண்டு, "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கு அழுகை வரும்.

ஒரு நாள் சுவர்ப் பக்கம் திரும்புவதற்குப் பதில் ஜன்னல் பக்கம் திரும்பினார். என் வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தங்கம் அக்காவின் தோட்டம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் வீட்டுக்காரருக்குத் தாராவியில் லேத் பட்டறை. எங்களுக்கு இருந்த அளவுதான் அவர்களுக்கும் மண். அதில் வெண்டை, கத்தரி, கீழாநெல்லி எல்லாம் இருந்தன. நடுவில் மூங்கில் பந்தல் போட்டுப் புடலை. ஒவ்வொரு காயின் நுனியிலும் ஒரு கூழாங்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்.

"கல்லு கெட்டலன்னா காய் சுருண்டுக்கிடும்லா தம்பி" என்று ஜன்னல் வழியாக இவருக்கு விளக்குவார். "என் கைராசி அப்படி. நான் நட்டா வெளக்குமாறும் தழைக்கும்."

(அக்காவின் தோட்டத்தில் முளைக்காத ஒரே செடி தன்னடக்கம்.)

மறுநாள் காலையில் இவர் வாயைத் திறந்தார். "கமலா, நடுவுல தொங்கறதே, அது நேத்தியை விட ரெண்டு விரக்கடை நீண்டிருக்கு பாரேன்."

எத்தனையோ நாளாக "ம்" தவிர ஒன்றும் சொல்லாத மனிதர்! சந்தோஷப்பட்டேன், அரை நிமிஷம். அப்புறம் வயிறு எரிந்தது. இவ்வளவு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்த எனக்கு ஒரு வார்த்தை கிடையாது, தொங்குகிற காய்க்கு வர்ணனையா? புதுப்புடவை கட்டிக்கொண்டு எதிரில் போய் நின்றேன். "கொஞ்சம் தள்ளிக்கோயேன், மறைக்கறது" என்றார்.

அதற்கு மேல் ஒரு சபதம் வேறு. "அந்தக் காய் தரையைத் தொடற அன்னிக்கு நான் எழுந்து நடப்பேன்."

நான் பார்த்துப் பார்த்துப் பணிவிடை செய்ய, குணப்படுத்திய பெயர் ஒரு புடலங்காய்க்கா? அதுவும் தங்கம் அக்காவின் புடலங்காய்க்கா?

எங்கள் மண்ணிலும் ஒரு கொடி இருந்தது. தானாக முளைத்து, துணி உலர்த்தும் கம்பத்தில் ஏறியிருந்தது. என்ன கொடி என்று எனக்குத் தெரியாது. நான் மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே காய்கள் எல்லாம் கூடையில்தான் காய்க்கும். இலை பச்சையாக இருந்தது, அது போதும் என்று பட்டது.

மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போய் ஒரு சின்னப் புடலங்காய் வாங்கி வந்தேன். இவர் கண்ணயர்ந்த நேரத்தில் அதன் காம்பை வாழைநாரால் கொடியோடு சேர்த்துக் கட்டி, நுனியில் முறையாக ஒரு கல்லையும் தொங்கவிட்டேன். (பூக்கட்டத் தெரிந்த கைக்குப் புடலங்காய் கட்டத் தெரியாதா?)

"ஏன்னா, நம்மாத்துக் கொடியிலயும் காய்ச்சிருக்கு பார்த்தேளா?"

தலையைத் தூக்கிப் பார்த்தார். "அட! இது எப்போ?"

"இலைக்குள்ள ஒளிஞ்சிண்டிருந்தது."

அன்று ஒரு டம்ளர் கஞ்சி முழுதாக உள்ளே போயிற்று.

அப்புறம் என்னை யார் பிடிப்பது? கட்டியதை அவிழ்ப்பதும், அதைவிட நீளமாக ஒன்றைக் கட்டுவதுமாக என் விவசாயம் நடந்தது. அவிழ்த்த காயெல்லாம் கூட்டாகி என் வயிற்றுக்குள் போயிற்று. மார்க்கெட்டில் காய்கறி விற்கும் பாஜிவாலாவிடம் "லம்பா, ஔர் லம்பா" என்று இன்னும் நீளமாகக் கேட்டுக் கூடையைக் கிளறுவேன். "பாயி, கானா ஹை யா நாப்னா ஹை?" என்று கேட்டான். (அம்மா, இது சாப்பிடவா, அளந்து பார்க்கவா என்கிறான்.)

இவர் தலையணையை என் கொடி தெரிகிற பக்கம் மாற்றிப் போடச் சொன்னார். கண்ணில் மஞ்சள் இறங்கத் தொடங்கியது. "கமலா, உன்னோடது முந்திடும் போலிருக்கே" என்றார். கல்யாணத்தன்றுகூட நான் அப்படிப் பூரித்ததில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவருடைய ஆபீஸ் நண்பர்கள் மோசம்பிப் பழத்தோடு பார்க்க வருவதாக இருந்தது. நாலு பேர் பார்க்கிற நாள் என்று மார்க்கெட்டிலேயே நீளமான காயை வாங்கிக் கட்டினேன். தரைக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அவ்வளவு பெரிய காய்க்குக் கூழாங்கல் எடுப்பாக இல்லையென்று, இஞ்சி நசுக்கும் குழவியை எடுத்துத் தொங்கவிட்டேன்.

நண்பர்கள் வந்தார்கள். கூடவே தங்கம் அக்காவும் ஒரு சொம்பில் கீழாநெல்லி அரைத்துக் கலந்த மோரோடு வந்தார். இவர் படுக்கையிலிருந்தே, "அங்க பாருங்கோ, எங்காத்துப் புடல்!" என்று கையை நீட்டினார். எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். அக்கா மட்டும் சொம்போடு பின்வாசல் வழியாகக் கொடிக்கே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அக்கா இலையை விலக்கினார். "ஏட்டி!" என்றார். (அதுவரை என்னை 'அம்மா' போட்டுப் பேசியவர்.) "இது பாவக்காக் கொடில்லா! மஞ்சப் பூ பூத்திருக்கு. இதுல எப்படிட்டி பொடலங்கா காய்ச்சுது?"

"பம்பாய் மண்ணு அக்கா. எல்லாம் கலந்துதான் காய்க்கும்."

அக்கா காயைப் பிடித்து இழுத்தார். வாழைநார் அறுந்தது. குழவி சொம்பில் இடித்து, மோரை என் மேல் கொட்டிவிட்டு, கடைசியில் என் கால் கட்டைவிரலில் வந்து இறங்கியது. புடலங்காய் பொத்தென்று விழுந்து இரண்டாக உடைந்தது. கொடியில் மிச்சமிருந்தது நான் போட்ட அழகான பூக்கட்டு முடிச்சு மட்டும்.

"இது மார்க்கெட்டுக் காயில்லா!" என்று அக்கா தெருவுக்கே கேட்கும்படி தீர்ப்பு சொன்னார்.

ஜன்னலில் நாலு முகம் அசையாமல் நின்றது. கால் வலியை விட வேறு ஒன்று எனக்கு வலித்தது. இனி இவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார், ஒரு வாய் கஞ்சி இறங்காது, எல்லாம் என் புத்தியால் வந்தது என்று அங்கேயே நின்று அழுதேன்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு! அந்த வீட்டில் அதைக் கேட்டே எத்தனை நாளாயிற்று! சிரிப்பு நகர்ந்து நகர்ந்து வந்தது. பார்த்தால், பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, வேஷ்டி இடுப்பில் நிற்காத உடம்போடு, இவர் நிற்கிறார்.

"தரையைத் தொட்டுடுத்து கமலா" என்றார். "சொன்ன சொல் தவறப்படாதோல்லியோ?" தள்ளாடித் தள்ளாடி என்னிடம் நடந்து வந்தார்.

"என் காய்க்கு இன்னும் ரெண்டு நாள்தானய்யா பாக்கி!" என்றார் தங்கம் அக்கா. அந்த வாரம் முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பொறாமை! (அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?)

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும், "எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை. "காய் தரையைத் தொட்டாச்சா?" என்பதுதான் விசாரிப்பு.

போன வருஷம் எனக்கு முழங்காலில் ஆபரேஷன். வலிக்குப் பயந்து நடக்கவே மாட்டேன் என்று படுத்துவிட்டேன். இவர் பையிலிருந்து ஒரு புடலங்காயை எடுத்து, கட்டிலருகே சலைன் பாட்டில் தொங்கும் கம்பியில் வாழைநாரால் கட்டினார். நுனியில் ஒரு கல். நர்ஸ் மராட்டியில் திட்டினாள். நான் உருகிப்போனேன்.

"எங்கே வாங்கினேள்? மாதுங்காவா?"

"வாங்கறதாவது! தாணேயில தங்கம் அக்கா பொண்ணு மாடியில காய்ச்சது. அம்மாவோட கைராசி அப்படியே வந்திருக்கு. என்ன வளர்த்தி பாரேன்!"

காயை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

அன்று சாயங்காலமே எழுந்து நடந்தேன். அதை அவிழ்த்துப் போட வேறு யார் இருக்கிறார்கள்?