ஃபுல்லு அண்ணன் மன்றத்தில் கேட்ட கேள்வி

எங்கள் பேரூராட்சியில் எந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ரேஷன் கடைக்கும் தெரியாது, கணக்கெடுக்க வருகிற வாத்தியார்களுக்கும் தெரியாது. ஃபுல்லு அண்ணனுக்குத் தெரியும். கழிவுநீர் லாரி வைத்திருந்தார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், மச்சான் கோபித்துக்கொண்டு வந்து ஒரு மாதமாகத் தங்கியிருக்கிறான் என்பதையெல்லாம் தொட்டி நிரம்புகிற வேகத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் தப்பாக நினைப்பார்கள். மனிதர் சோடாகூடக் குடிக்க மாட்டார். யார் போன் செய்தாலும் ஹலோவுக்குப் பதிலாக “ஃபுல்லா?” என்றுதான் கேட்பார். அப்படி வந்த பெயர்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய சின்ன ஊர் அது. பெயர் வேண்டாம். பேரூராட்சி அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். மன்றக் கூட்டத்தில் தீர்மானங்களை வாசிப்பது என் வேலை. அந்த மன்றத்துக்கு ஃபுல்லு அண்ணன் சுயேச்சையாக நின்று ஜெயித்து வந்தார். ஓட்டுக் கேட்டுப் போனபோது அவர் கும்பிடவில்லை, வாக்குறுதி தரவில்லை. “இன்னாம்மா, டேங்க்கு மூடி லேசா தூக்கிகினு கீதே, பத்து நாள் தாங்குமா?” என்று வாசல் வாசலாக விசாரித்துக்கொண்டே போனார். இவ்வளவு அக்கறையாக எந்த வேட்பாளரும் விசாரித்ததில்லை என்று ஜனங்கள் போட்டுவிட்டார்கள்.

மன்றத் தலைவர் ஒரு பெண்மணி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். யாருக்கும் பயப்படாத அவர், ஃபுல்லு அண்ணன் ஒருவருக்கு மட்டும் பயப்பட்டார். காரணம், தலைவருடைய மகளின் நிச்சயதார்த்தம். “வூட்டுல வெக்காதம்மா, ஹால் எடு. உன் டேங்க்கு கழுத்து வரைக்கும் கீது” என்று ஃபுல்லு அண்ணன் முன்கூட்டியே எச்சரித்தார். தலைவர் சிரித்தார். அன்று இரண்டாம் பந்தி முடிவதற்குள் கழிவறை வாசலில் ஒரு வரிசை நின்றது. சற்று நேரத்தில் அந்த வரிசை மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடியது. விருந்தாளியாக வந்திருந்த ஃபுல்லு அண்ணன் பட்டுச் சட்டையோடு போய் லாரியை எடுத்து வந்தார்.

அப்போதுதான் அந்தக் குடியிருப்புத் திட்டம் வந்தது. பன்னிரண்டு பிளாக், ஒவ்வொன்றும் பதினான்கு மாடி. பெரிய கம்பெனி. தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு வீடு, ஊருக்குப் பள்ளிக்கூடம், பஸ் வசதி என்று வண்ண வண்ணமாகப் படம் போட்டிருந்தார்கள். நானே மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக்குப் பேர் கொடுத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாப்பேட்டையிலிருந்து ஒரு ரயில் பிடித்து, சென்னையில் இறங்கி இன்னொரு ரயில் பிடித்து தினமும் ஆபீஸ் வருகிறவனுக்கு அந்த ஆசை கூடாதா?

கூட்டத்தன்று அலுவலக வாசலில் ஒரு பக்கம் வேலையும் வீடும் எதிர்பார்த்த இளைஞர்கள், இன்னொரு பக்கம் குடிதண்ணீருக்குப் பயந்த பெண்கள். நடுவில் இரண்டே போலீஸ்காரர்கள். இரண்டு தடவை செருப்பு பறந்துவிட்டது. நான் தீர்மானத்தை எடுத்து, “மன்றத்துக்கு ஆட்சேபணை…” என்பது வரை வாசித்தேன். ஃபுல்லு அண்ணன் எழுந்துவிட்டார்.

“நாலாயிரம் பேர் குடி வரப் போறாங்க. காலைல எய்ந்து அவங்க போறது எங்க போவும்?”

தலைவர் மணியைத் தட்டினார். “உறுப்பினரே, இது சபையில பேசற விஷயமா?”

“டெய்லி செய்யுற விஷயம்மா.”

யாரோ சிரித்தார்கள். கம்பெனி இன்ஜினீயர் எழுந்து பொறுமையாகச் சொன்னார். “சார், உள்ளேயே சுத்திகரிப்பு பிளாண்ட் வருது. சுத்தம் பண்ண தண்ணிய தோட்டத்துக்கு விட்டுருவோம். ஒரு சொட்டு வெளிய வராது.”

“அடை மழையில செடி தண்ணி கேக்குமா நைனா?”

ஃபுல்லு அண்ணன் சுவரில் மாட்டியிருந்த படத்தில் விரலை வைத்தார். “இங்கதான பிளாண்ட்டு? இந்தப் பள்ளத்துல என் லாரி ரெண்டு தபா அச்சு வரைக்கும் முய்கிச்சு. பின்னால கால்வா. கால்வா போய்ச் சேர்றது ஏரி. ஏரிக் கரையிலதான் நம்ம குடிதண்ணி போர் கீது.”

ஜன்னலுக்கு வெளியே பெண்கள் கத்தினார்கள். இளைஞர்கள் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்கள். இரண்டாவது வார்டு உறுப்பினர் பாய்ந்து வந்து ஃபுல்லு அண்ணனின் சட்டையைப் பிடித்தார். “அவங்களே பிளாண்ட் போட்டுக்கினா உன் லாரிக்கு வேலை இருக்காது. அதுக்குத்தான இந்த பேஜாரு?”

ஃபுல்லு அண்ணன் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை.

“வேலையா? முந்தாநேத்து இந்த இன்ஜினீயர் சார் எங்கூட்டுக்கு வந்தாரு. ‘நாலு லாரி போடுங்கண்ணே, டெய்லி லோடு இருக்கும், மொத்தமும் உங்களுக்குத்தான்’னாரு. எனுக்குத் தல கால் புரில. அவ்ளோ சந்தோசம். அப்பால யோசிச்சேன். பிளாண்ட்டு ஓடும்னா நாலு லாரி இன்னாத்துக்கு?”

சட்டையைப் பிடித்திருந்த கை தானாக இறங்கியது.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் சார், நாலு லாரி எதுக்கு?”

“அது… ஒரு அவசரத்துக்கு, மேடம்…”

“தினமும் வர்றதுக்குப் பேரு அவசரமா?” நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைத்த குரல் அது. இன்ஜினீயர் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் என் கையிலிருந்த தாளை வாங்கி, தீர்மானத்தைத் தன் கையாலேயே திருத்தினார். பிளாண்ட் மேட்டு நிலத்தில் வர வேண்டும். முதலில் அது ஓட வேண்டும். அதன்பிறகுதான் யாரும் குடி வரலாம். கை தூக்கச் சொன்னார். ஏழுக்கு ஏழு. தலைவர் தன் கையை மெதுவாகத் தூக்கினார்.

வெளியே லாரியை இளைஞர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் கட்டையால் டேங்கில் ஓங்கி அடித்தான். “எங்க வூட்டைக் கெடுத்துட்டியே!”

“கெடுக்கலப்பா. நாறாம வரட்டும்னு சொன்னேன்” என்றார் ஃபுல்லு அண்ணன். போலீஸ்காரர்கள் வந்து வழி விடச் செய்தார்கள். நான் படியிலேயே நின்றிருந்தேன். இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. கோபம் வேறு. என் வீடு தள்ளிப் போய்விட்டதே!

அவர் லாரியில் ஏறுவதற்கு முன் என்னிடம் வந்தார். “நீ பேர் குத்துக்கீறது எனுக்குத் தெரியும். மூணாவது மாடிதான? நாத்தம் மேலதான் ஏறும். உனுக்கும் சேத்துத்தான் கேட்டேன்.”

அதன்பின் ஊரில் பாதிப் பேர் அவரைக் கூப்பிடாமல் வெளியூர் லாரிகளைக் கூப்பிட்டார்கள். ஐப்பசி மழையில் எல்லா வீட்டுத் தொட்டியும் ஒரே வாரத்தில் பொங்கியது. வெளியூர் லாரிகள் வரவில்லை. டேங்கில் அடித்த இளைஞனின் வீட்டுக்குத்தான் முதலில் போனாராம். “அங்க ஒரு கைக்கொழந்தை கீது” என்று காரணம் சொன்னார்.

பிளாண்ட் மேட்டில் வந்தது. ஓடுகிறது. இரண்டு பிளாக்கில் ஆட்கள் வந்துவிட்டார்கள், நானும் மூன்றாவது மாடியில் குடியேறிவிட்டேன். அவருடைய லாரிக்கு இங்கே வேலையே கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவார். பிளாண்டின் குழாயிலிருந்து விழும் தண்ணீரைக் கையில் ஏந்தி மோந்து பார்ப்பார். பிறகு லிஃப்டை நம்பாமல் படியேறி எங்கள் வீட்டுக்கு வந்து நாஷ்டா சாப்பிடுவார்.

போன ஞாயிறு முழங்கால் வலி என்று வரவில்லை. இட்லியை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன்.