ரெங்கசாமி மெத்தை சுமந்த படலம்

வாழ்க, பர்மிய மண்ணின் மிங்கலா தாங்ஞுன்டுப் பேட்டையின் மங்காப் புகழோன்! வாழ்க, முப்பதாண்டு ரயில்களுக்குப் பச்சைக்கொடி அசைத்த செங்கையன், கைலியை மடித்துக் கட்டினால் காலனும் ஒதுங்கி வழிவிடும் கடுநடையன், ரெங்கசாமி! அவன் திறம் பாட என் நாவில் வந்தமர்வாயாக, தெருமுனைக் கோயிலில் மஞ்சள் மணக்க வீற்றிருக்கும் மாரித்தாயே!

சனிக்கிழமை காலை, அலோன் பேட்டையில் இருக்கும் மைத்துனன் அனுப்பிய செய்தி கைப்பேசியில் போர்முரசென அதிர்ந்தது. ஏழு கடலும் ஒரே நாளில் எழுந்து உலகை மூடப் போகின்றனவாம், உயரமே காவலாம். முன்பு நிலம் ஆடிய ஒரு பகலில், முட்டிவலிக்காரியான மனைவி கனகாம்பாளை இரண்டாம் மாடி வீட்டிலேயே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிய கால்கள் அவனுடையவை. அவள் கோபிக்கவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் இன்றுவரை அவனை அறுத்தது.

"இம்முறை உன்னைக் காப்பேன்! ஆறாம் மாடியே நம் கோட்டை!" என்று முழங்கினான்.

"கோட்டையில லிஃப்டு இருக்கா?" என்றாள் கனகாம்பாள். ஆனாலும் பின்னால் ஏறினாள்.

பஞ்சு மெத்தையைச் சென்னிமேல் தாங்கி, ஒடுங்கிய படிக்கட்டின் இருளைப் பிளந்து, வெற்றிலைக் கறைச் சுவர்களைத் தோளால் தேய்த்து, காயப்போட்ட துணிகளைப் பகைவர் கொடிகளெனச் சாய்த்து, மூன்றாம் மாடி நாயை விழியாலேயே வென்று, மதயானை மலையேறினாற்போல் ஏறிய அவ்வீரன், ஆறாம் மாடிப் பழனியப்பன் வாசலில் மெத்தையோடு சரிந்தான்.

"என்ன ஊ ரெங்கசாமி, மெத்தைக்கு ஊர்வலமா?" என்றார் பழனியப்பன், மூத்தவர்க்குரிய பர்மிய 'ஊ' அடைமொழி குறையாமல்.

பதில் சொல்லுமுன் அடுத்த செய்தி வந்தது. கடல் இல்லையாம், நிலநடுக்கமாம். உலகம் முழுக்கவாம். உயரமே எமன், தரையே தஞ்சம்.

மெத்தையை மீண்டும் தூக்கினான். கால்கள் தாமாகவே கீழே பாய்ந்தன; அவற்றுக்கு வழி தெரியும். நான்காம் மாடித் திருப்பத்தில், கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி கனகாம்பாள் நின்றிருந்தாள்.

"முட்டி பூட்டிக்கிச்சு. மேலயும் வராது, கீழயும் வராது. நீங்க போங்க," என்றாள்.

அவளைச் சுற்றிக்கொண்டு ஓர் ஆள் இறங்க இடம் இருந்தது. ரெங்கசாமி அந்த இடத்தைப் பார்த்தான்.

எழட்டும் ஏழு கடலும்! இடியட்டும் எட்டுத் திசையும்! தேர் முறிந்தும் கொடி சாய்ந்தும் களம் நீங்காத காவலனென, மெத்தையைச் சுவரில் சார்த்திவிட்டு, அவள் தோளைத் தாங்கிப் பக்கத்தில் நின்று, கட்டடம் அதிரப் பறைசாற்றினான்: "ஈரேழு உலகிலும் பத்திரமான இடம் இதுவே!"

"கத்தாதீங்க. நைட் டூட்டி முடிச்சு இந்த வீட்டு மார்த்தா தூங்குது."

மார்த்தா கதவைத் திறந்து ரெண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள்.