ஈரலில் காலியான ஒரு கிளார்க் இடம்

வந்த கடிதத்துக்குப் பதினைந்து நாளுக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்றாவது எழுத வேண்டும். இது அலுவலக நடைமுறை. முப்பத்தாறு ஆண்டுகள் மத்திய அரசில் விதிகளையே தின்று ஓய்வு பெற்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: தில்லியில் இந்த விதியை மதித்து நடக்கும் அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். அது மனித ஈரல். இதைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தவர் அமினோ அண்ணாச்சி.

லக்ஷ்மிபாய் நகரில் மகள் பெயரிலுள்ள குவார்ட்டர்ஸில் நான் இருக்கிறேன். எதிர் வீட்டில், மகன் பெயரிலுள்ளதில் அவர் இருந்தார். ஏதோ ஓர் அமைச்சகத்தின் தபால் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவர். பேத்தி பழைய பேப்பர்காரருக்கு எடுத்து வைத்த உயிரியல் புத்தகத்தை ஒருநாள் புரட்டியவர், உடம்பு என்பதே ஒரு பெரிய தபால் பிரிவுதான் என்று கண்டுகொண்டார். அதிலும் புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்கள்தான் அவர் பிடித்துக்கொண்ட தபால். அன்று போனது எங்கள் நிம்மதி.

கோவிலில் பொங்கல் வாங்கியவர்கள் அவரைத் தாண்டித்தான் சாப்பிட முடியும். "அரிசிக்கு லைசின் குறைச்சல், பருப்புக்கு மெத்தியோனின் குறைச்சல். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அடிஷனல் சார்ஜ் பாத்துக்கிடும். சும்மா முழுங்காதீரும்வே, மரியாதையா முழுங்கும்!"

பூங்காவில் தண்டால் எடுத்துவிட்டு ஏதோ பொடி கலக்கிக் குடித்த இளைஞனையும் அவர் விடவில்லை.

"பையா, கித்னே சம்மச்?"

"சார் சம்மச், அங்கிள்."

"நாலு கரண்டியா! உடம்புல ரெக்கார்ட் ரூம் கிடையாது பையா. மிச்சமா வந்தா ஈரல் நைட்ரஜனக் கழட்டி, யூரியாவாக்கி, கிட்னி வழியா டிஸ்பாட்ச் பண்ணிரும். நீ காசு கொடுத்து வாங்கி டாய்லெட்டுக்கு அனுப்புத!"

மறுவாரம் முதல் அந்த இளைஞன் வேறு பூங்காவுக்குப் போனான்.

இப்படிப்பட்ட மனிதரைக் கண்டு நாங்கள் மாடிப்படியில் ஒளிந்துகொண்டிருந்த காலத்தில்தான், கீழ் வீட்டுக் கல்பனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்த மருத்துவமனை மறுபடி கூப்பிட்டது. பாலில் உள்ள ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றும் நொதி குழந்தையின் ஈரலில் இல்லை. அந்த அமிலம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும், மூளையைத் தாக்கும், போன மூளை வளர்ச்சி திரும்பாது. அது மட்டும் நீக்கிய அமினோ அமிலப் பொடிதான் இனி முக்கிய உணவு. டாக்டர் கொடுத்த டப்பாக்கள் ஒரு மாதத்துக்கு வரும். அதற்குள் கல்பனாவின் கணவருடைய அலுவலக மருந்தகம் வழங்க ஏற்பாடு செய்துகொள்ளச் சொன்னார்கள். வெளியில் வாங்குவது ஒரு கிளார்க் குடும்பத்தால் ஆகிற காரியமில்லை. கடையில் கிடைக்கிற பொருளுமில்லை.

விண்ணப்பம் நான்கே நாளில் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில்: "அமினோ அமிலப் பொடி உடற்பயிற்சி செய்வோர் உண்ணும் பொருள். மருந்தகம் வழங்க இயலாது." அதற்கு நேர் கீழே, பயனாளியின் வயது: இருபத்தாறு நாள்.

கல்பனா அதைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி வாங்கிப் படித்தார். பிறகு என் கதவைத் தட்டினார்.

"நீரு விதியச் சொல்லும்வே. நான் ஈரலச் சொல்லுதேன்."

எந்த விதித் தொகுப்பிலும் கடைசி விதியை யாரும் படிப்பதில்லை. தகுந்த காரணம் இருந்தால் மேற்கண்ட எதையும் தளர்த்தலாம் என்று அதில்தான் இருக்கும். அதைச் சுட்டி ஒரு மேல்முறையீடு எழுதினேன். அண்ணாச்சி அதை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வரவில்லை என்றே சொல்லலாம். தினமும் காலை ஒன்பதரைக்கு அந்த அலுவலக வாசலில் இருந்தார். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று எனக்குப் போனில் செய்தி வரும்.

"வயித்தத் தாண்டிட்டுவே. இப்பம் சிறுகுடல்ல நிக்கு."

"எங்கே அண்ணாச்சி?"

"செக்ஷன் வாசல்லவே. குடல் சுவர்ல அமினோ அமிலம் தானா உள்ள போவாது. முக்கால்வாசிக் கதவு உப்புல உள்ள சோடியம் கூட வந்தாத்தான் திறக்கும்."

மறுநாள் ஓமம் போட்ட மட்டரி என்ற உப்புத் தட்டை ஒரு பொட்டலம் கொண்டுபோய் அந்தப் பிரிவின் தேநீர் வேளையில் எல்லோருக்கும் நீட்டினார். மாலையில் கோப்பு உள்ளே போயிற்று. இதை நான் அறிவியல் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுக்கவும் என்னிடம் ஆதாரமில்லை.

பதினைந்து நாள் கழிந்தது. பதில் இல்லை. டப்பாவில் ஆறு நாளுக்குப் பொடி இருந்தது. நானும் அவருமாக மருந்தகத்துக்குப் பொறுப்பான இயக்குநர் அம்மையாரைப் பார்க்கப் போனோம். வடக்கத்திப் பெண்மணி; மேசை தெரியாத அளவுக்குக் கோப்புகள்.

"சாதாரணப் பாலையே கொஞ்சமா குடுக்கலாமே?" என்றார் ஹிந்தியில்.

அண்ணாச்சியின் ஹிந்தி திருநெல்வேலி வழியாக வருவது. ஆனாலும் அன்று அது நிற்கவில்லை. "மேடம், இந்தப் பாப்பா ஈரல்ல ஒரு கிளார்க் போஸ்ட் காலி. ஆள் போடவே முடியாது. அந்தக் கிளார்க் ஃபினைல் அலனின வாங்கி டைரோசின்னு மாத்தி எழுதி அனுப்பணும். இப்பம் தபால் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு, எடுக்க ஆளில்ல. குவிஞ்சதெல்லாம் பார்வைக்கு எங்க போவும்? மேல போவும். மூளைக்கு."

அம்மையார் தம் மேசையைப் பார்த்தார்.

"தபாலையே நிறுத்திட்டா?"

"அதும் முடியாது. கொஞ்சம் இல்லேன்னா உடம்பு கட்டடம் எழும்பாது. அந்தக் கொஞ்சத்த அளந்து பால்ல குடுக்கணும். மிச்ச எல்லா அமிலமும், அந்த டைரோசினும், இந்தப் பொடில வரணும். தண்டால் எடுக்கதுக்கு இல்ல மேடம். தல நிக்கதுக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் குறிப்பை இப்படியே எழுதிக் கொடுங்க," என்றார். அண்ணாச்சி சொல்ல, நான் அங்கேயே நின்று எழுதினேன். நாற்பது ஆண்டுத் தபாலில் தாம் கண்ட எந்தக் குறிப்பும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை என்று அண்ணாச்சி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். என் எழுத்தைத்தான் பாராட்டுகிறார் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

டப்பாவில் இரண்டு நாளுக்கு மிச்சமிருந்தபோது உத்தரவு வந்தது. சிறப்பு நேர்வாக, வாழ்நாள் முழுவதும் வழங்க அனுமதி. அண்ணாச்சி வெளியீட்டு எண்ணையும் முத்திரையையும் இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மூன்று மாடிக்கும் கேட்கும்படி, "போஸ்டிங் ஆயிட்டுவே! போஸ்டிங் ஆயிட்டு!" என்று கூவினார். கோல் மார்க்கெட் வரை கேட்டிருக்கும். ஒளிந்துகொள்ளும் நாங்கள் எல்லோரும் கதவைத் திறந்து வெளியே வந்தோம்.

அந்தப் பெண் இப்போது பள்ளியில் பெருக்கல் வாய்ப்பாட்டை என்னைவிட வேகமாகச் சொல்கிறாள். அண்ணாச்சி, மகன் வீடு மாறியதில், தில்லியின் மேற்கு மூலையான ஜனக்புரிக்குப் போய்விட்டார். மாடிப்படியில் இப்போதெல்லாம் நான் வேண்டுமென்றே மெதுவாக இறங்குகிறேன், வழிமறிக்க யாருமில்லை. ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்றிதழ் தரும் நாளைத் தவிர என் டைரியில் எதையும் நான் குறிப்பதில்லை. அந்த உத்தரவு வந்த நாளின் பக்கத்தில் மட்டும் அவருக்காக ஒரே ஒரு வரி இருக்கிறது: பதில் கிடைத்தது, பிப்ரவரி பதினெட்டு, பிற்பகல்.